உன் பெயருக்குக் கீழே இருந்த கோடு

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்று மருத்துவமனைக் கூட்டத்தில் ஆளுக்கொரு சமோசாவும் ஒரு படிவமும் கொடுத்தார்கள். பணியிடத்தில் மரியாதை என்று தலைப்பு. பேசியவர் யார் தெரியுமா? நம் பெரிய டாக்டரேதான். "நர்ஸ் சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான். சமோசாவைக் கடிக்காமல் அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

ஆபரேஷன் தியேட்டரில் நாம் ஒன்பது வருஷம் ஒன்றாக நின்றோம். அவர் காரை நிறுத்தும் விதத்திலேயே உனக்கு அவர் மனநிலை தெரிந்துவிடும். "இன்னிக்குக் கடல் சரியில்லடி" என்று மாஸ்க்குக்குள் முணுமுணுப்பாய். ஊரூர் மீனவக் குப்பத்துக்காரி வேறெப்படிச் சொல்வாய். அதைக் கேட்டதும் நாங்களெல்லாம் வாயை மூடிக்கொள்வோம். நீ மூடமாட்டாய்.

அன்றும் அப்படித்தான். நோயாளியின் வயிற்றைத் தைக்கும் முன் ரத்தம் ஒற்றிய துணிகளை எண்ணினாய்.

"சார், ஒண்ணு கொறையுது."

"எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று கையிலிருந்த இடுக்கியை உன் மேல் வீசினார். மணிக்கட்டில் பட்டு ரத்தம் வந்தது. நீ நகரவில்லை. "ஒண்ணு கொறையுது சார்" என்றாய் மறுபடியும். வேண்டாவெறுப்பாக உள்ளே தேடினார். இருந்தது.

புகார் எழுதி, உன் கையெழுத்துக்குக் கீழே சாட்சிக்கென்று ஒரு கோடு போட்டு என்னிடம் நீட்டினாய். "எனக்கு அடி பட்டது போவட்டும். நாளைக்கு இன்னொருத்தி சொல்ல பயந்தா இன்னாடி ஆவும்?"

நான் கருவித் தட்டுப் பக்கம் திரும்பியிருந்தேன், பார்க்கவில்லை என்று சொன்னேன். பார்த்தேனடி, எல்லாம் பார்த்தேன். வேறொரு தாளில் தனியாக எழுதிக் கொடுத்தாய். சாட்சி இல்லாத புகார் நிற்கவில்லை. அசோக் நகரில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போய்விட்டாய். அங்கிருந்துதான் உன்னைக் காய்ச்சல் கொண்டுபோனது. அந்த முதல் தாள் என்னிடமே தங்கிவிட்டது.

போன வாரம் அவர் தைக்கத் தொடங்கியபோது என் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டே நின்றேன். அவர் பாதி தைத்துவிட்டார். கடைசியில் அந்தத் துணி என் காலடியில் கிடந்தது. கிடைக்காமல் போயிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இப்போதும் தெரியவில்லை. நீ அன்று சொன்ன அந்த இன்னொருத்தி நான்தான்.

தகாத நடத்தையைப் பார்த்ததுண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். வாசலில் நின்று அவரேதான் வாங்கிக்கொண்டிருந்தார். 'இல்லை' என்று குறித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் உன் தாளை எடுத்து அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். மடித்து, பழையபடி கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். நாளை காலை அவருடைய ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. எண்ணப்போவது நான்.