நானூற்று முப்பது கிராம்

ஆகஸ்ட் 4, திங்கள்

முழங்கால் இன்று பரவாயில்லை. மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்கினேன். இரண்டாவது முறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான்.

சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போறேன். பத்து நாள். டிக்கெட் எடுத்தாச்சு." ஒரே டிக்கெட். எனக்கு ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம்தான் ஆகிறது. பதினான்கு மணி நேரம் ரயிலில் உட்கார டாக்டர் விடமாட்டார். அக்காவுக்கு எழுபது ஆகப்போகிறது, இப்போது போகாமல் எப்போது போவது என்கிறாள். நியாயம்தான்.

பயம் ஒன்றே ஒன்று. அவள் இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். மேல்கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்க்கரை அளவை அவள் போனுக்கு அனுப்பும். அங்கிருந்து என் போனுக்கும் வரும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் இரண்டு போனும் அலறும். அந்தப் போனில்தான் இப்போது சார்ஜ் நிற்பதில்லை. காலையில் நூறு, மதியம் ஒரு மணிக்கு இருபது. அது அணைந்தால் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"பவர் பேங்க் ஒண்ணு இருந்தா போதும். நான் வாங்கித் தரேன்" என்றேன்.

"பார்த்து வாங்குங்க" என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சென்சார் வந்து மூன்று வருடம். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் நான்தான் அந்த அலாரம்.

மற்றவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். இவளுக்கு மரியாதை வந்துவிடும். சாதாரணமாக "அந்தத் துண்டை எடுங்க" என்கிறவள், "உங்களுக்குச் சிரமம் இல்லன்னா அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா, ரொம்ப நன்றிங்க" என்பாள். நான் துண்டை விட்டுவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது வாசலில் நின்று கத்துவாள்: "அப்பா, அம்மா தேங்க்ஸ் சொல்றாங்க, சீக்கிரம் வாங்க!" எதிர்வீட்டுக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

இப்போது அந்த வேலையை ஒரு பொத்தான் பார்க்கிறது. நல்லதுதான். நல்லதுதான் என்று எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ரயில் நிலையத் தெருவில் உள்ள போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டஜனை எடுத்துக் கண்ணாடிமேல் பரப்பினார். பத்தாயிரம், இருபதாயிரம், ஐம்பதாயிரம் என்று பெட்டிமேல் பெரிய பெரிய எண்கள். மில்லி ஆம்பியர் கணக்காம். "ஐம்பதாயிரம் எடுங்க சார், ஒரு வாரத்துக்குக் கவலையே இல்ல" என்றார்.

எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நான் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தேன்.

தபால் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் பார்சல் கவுண்டர். கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவேன். தராசு பிறகு ஒப்புக்கொள்ளும். அதனாலேயே ஆபீசில் எனக்குத் 'தராசு' என்று பெயர். உருகும் அரக்கின் வாசனையும் சணல் கயிற்றின் பிசிறும் இன்னும் விரல்களில் இருப்பதுபோல் இருக்கிறது. அவளை முதலில் பார்த்ததும் அங்கேதான். ஒரு பதிப்பகத்தில் புத்தகக் கட்டுகளை அனுப்பும் வேலை அவளுக்கு. செவ்வாயும் வெள்ளியும் வருவாள். கட்டைத் தராசில் வைக்க மாட்டாள். என் கையில் கொடுத்துவிட்டு, "சொல்லுங்க பார்ப்போம்" என்பாள். ஒரே ஒரு முறை இருநூறு கிராம் பிசகிவிட்டது. அன்றைக்கு நான் கட்டைக் கவனிக்கவில்லை. எதைக் கவனித்தேன் என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அசடு வழிந்தேன். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் சிரித்தே விட்டார்.

இன்று எதையும் வாங்காமல் வந்துவிட்டேன். இரண்டு மனதில் நிற்கின்றன.

ஆகஸ்ட் 7, வியாழன்

மகள் போனில் பாடம் எடுத்தாள். "பெரிய நம்பரை விடுங்கப்பா. பின்னாடி பொடி எழுத்துல நிஜமா எவ்வளவு தரும்னு போட்டிருக்கும், அதைப் படிங்க. தரச் சான்று முத்திரை இருக்கணும். பில்லும் வாரண்டியும் குடுக்கற கடையில வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை போனை முழுசா ஏத்திப் பாருங்க. ரொம்பச் சூடானா, உப்பினா, உடனே திருப்பிக் குடுத்துடுங்க."

சரி சரி என்றேன். பொடி எழுத்தைப் படிக்க எனக்கு இரண்டு கண்ணாடி வேண்டும். கைக்குக் கண்ணாடி வேண்டாம். கனமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது, இவ்வளவுதான் விஷயம்.

ஆகஸ்ட் 9, சனி

வாங்கிவிட்டேன். இருந்ததிலேயே கனமானது. கையில் வைத்ததும் நானூற்று முப்பது என்றேன். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தால், அப்படியே நானூற்று முப்பது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க கைக்கு இன்னும் வயசாகல" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல்.

போனில் செருகினேன். நான்கு நீல விளக்குகள் எரிந்தன. போதும் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை

ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். பையில் ஜூஸ் டப்பா மூன்று, பிஸ்கட், இன்சுலின், கனமான அந்தப் பெட்டி. எதிர் சீட்டில் ஒரு அம்மா, பஸ் கண்டக்டராம். நான் இறங்குவதற்குள் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் அவள் ஊருக்குப் போனால், 'நல்லபடியாக வந்து சேர்ந்தேன்' என்று ஒரு கடிதம் வரும். நான்கு நாள் கழித்து. வரும் தபாலை நானே பிரித்துத் தேடுவேன், கடிதங்களைப் பிரிக்கும் பகுதிக்குப் பார்சல் ஆள் போகக் கூடாது என்றாலும். அந்த நான்கு நாளும் எப்படி வேலை பார்த்தேன், எப்படிச் சாப்பிட்டேன்? ஒன்றும் ஞாபகம் இல்லை. நிம்மதியாகத்தான் இருந்திருப்பேன்.

இப்போது 126. பத்து நிமிடத்துக்கு முன்னால் 124.

அதே நாள், மதியம்

12:00 — 131. பவர் பேங்கில் போனைச் செருகிப் பைக்குள் வைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள்.

1:05 — 119. சாப்பாடு, இன்சுலின்.

2:10 — 88. அம்புக்குறி கீழே.

2:15 — ஒன்றும் வரவில்லை.

2:30 — ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டேன். அணைந்திருக்கிறதாம். எப்படி அணையும்? செருகித்தானே வைத்திருக்கிறாள்? நானூற்று முப்பது கிராம்!

2:50 — ரயில் விசாரணை எண்ணில் பாட்டுப் போடுகிறார்கள். அக்காவுக்கு எப்படிச் சொல்வது? சொல்லி அவர்கள் என்ன செய்வார்கள்? எண்பத்தெட்டிலிருந்து கீழே போனால் — எவ்வளவு நேரம் — அய்யோ, கண்டக்டரம்மா நம்பரை வாங்காம வந்துட்டேனே. யார்கிட்டப் போய்ச் சொல்றது? நான்தானே வாங்கிக் குடுத்தேன். நான்தானே.

மாலை

அவள் நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மூன்றேகாலுக்குப் போன் அடித்தது. பார்சல் கவுண்டரில் என் இடத்துக்கு வந்தவர். "சார், பதறாதீங்க. உங்க வீட்டம்மா கவுண்டருக்குப் போன் பண்ணாங்க. நல்லா இருக்காங்களாம். யாரோட போன்ல இருந்தோ பேசினாங்க, இந்த நம்பருக்கு உங்களைப் பேசச் சொன்னாங்க." உயிர் போய் உயிர் வந்தது.

பேசினேன். கண்டக்டரம்மாதான் எடுத்தார். ரயில் கிளம்பியதுமே இவள் அவரிடம் சொல்லி வைத்திருந்தாளாம்: நான் திடீர்னு ரொம்ப மரியாதையா பேச ஆரம்பிச்சா, ஒண்ணும் கேட்காம ஜூஸைக் கையில குடுங்க. "ரெண்டரை மணி இருக்கும் சார். ஜன்னலைத் திறந்ததுக்கு எனக்கு நாலு தடவை நன்றி சொன்னாங்க. பஸ்ல முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சிருக்கேன், ஒரு ஆள் எனக்கு நன்றி சொன்னதில்ல. உடனே புரிஞ்சுடுச்சு." இரண்டு டப்பா ஜூஸ், நான்கு பிஸ்கட். அரை மணியில் தெளிந்துவிட்டாள்.

பவர் பேங்க் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்ததாம். போனுக்கு ஒன்றுமே ஏறவில்லை. பெட்டி சூடாகி ஒரு வாசனை. கண்டக்டரம்மா அதைப் பையிலிருந்து எடுத்து, துணிமணி ஏதும் இல்லாத இடமாகப் பார்த்து, கை கழுவும் தொட்டிக்குக் கீழே வெறும் தகரத்தில் வைத்துவிட்டு, ஆறும்வரை ஒரு கண் வைத்திருந்தாராம். தன்னுடைய சின்ன சார்ஜரை இவளுக்குக் கொடுத்தாராம்.

"கவுண்டருக்கு ஏன் போன் பண்ணினே?" என்று கேட்டேன்.

"போன் செத்துப்போச்சு. மனப்பாடமா தெரிஞ்சது அந்த ஒரு நம்பர்தான். பதிப்பகத்துல இருந்து தினம் பண்ணுவேனே, இன்னைக்கு எத்தனை கட்டு வருதுன்னு சொல்ல."

அவள் தினமும் கட்டு அனுப்பவில்லை. வாரத்தில் இரண்டு நாள்தான். ஆனாலும் போன் தினமும் வரும். எனக்கு இன்று மாலை முழுவதும் அதுதான் காதில் கேட்கிறது. எழுதும்போது கண் கலங்குகிறது. போகட்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

மகளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க சாப்பிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 16, சனி

கடைக்குப் போனேன். "பில் இருக்கா சார்?" இல்லை. "நம்ம கடையில வாங்கினதுதான்னு எப்படிச் சொல்றீங்க?" பன்னிரண்டையும் தூக்கிப் பார்த்த ஆளை அவருக்கு ஞாபகம் இல்லையாம். திரும்பி நடந்தேன். கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு பார்சலை ரசீது இல்லாமல் நான் யாருக்காவது கொடுத்திருக்கிறேனா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

வந்துவிட்டாள். வீட்டில் மறுபடியும் சத்தம். குழாயை இப்படியா திறந்து விடுவது, இந்தப் பாத்திரம் எப்படி இங்கே வந்தது. காது குளிர்ந்தது.

தேநீர் குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். அக்கா மகன் எலக்ட்ரீஷியன். பெட்டியைக் கொல்லைப்புறத்தில் வைத்துப் பிரித்தானாம். உள்ளே நாக்கு அளவுக்கு ஒரு பேட்டரி, அதுவும் உப்பிப்போய். அதைப் பழைய பேட்டரி வாங்குகிற இடத்தில் பத்திரமாகக் கொடுத்துவிட்டான். மற்றதைக் கொடுத்தனுப்பியிருக்கிறான். பொட்டலத்தில் கறுப்பு டேப் சுற்றிய இரண்டு இரும்புத் துண்டுகள்.

அவள் அவற்றைச் சமையலறைத் தராசில் வைத்தாள். இருநூற்று எழுபது.

"காசு குடுத்து எடைக்கல் வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். பிறகு சிரித்தாள். அடக்க முடியாமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர வெகு நேரம் ஆயிற்று. என்னைப்போல ஒருவன் வருவான், கையில் தூக்கித்தான் பார்ப்பான் என்று தெரிந்தே அதை உள்ளே வைத்திருக்கிறார்கள். என் கை ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இருவரும் போனோம். வேறு கடை. "நீங்க எதையும் தூக்காதீங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தாள். பத்தாயிரம் என்று எழுதியிருந்தால், நிஜத்தில் தருவது ஆறாயிரத்துச் சொச்சம் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதை ஒளிக்காமல் போட்டிருப்பதையே எடுத்தாள். சான்று முத்திரை, தயாரிப்பாளர் முகவரி, ஒரு வருட வாரண்டி. சூடானால் தானே நின்றுவிடுமா என்று கேட்டாள். "நாங்க ரெண்டு பேரும் வேலைவெட்டி இல்லாதவங்க. இங்கேயே உட்கார்ந்து போன் ஏறுதான்னு பார்த்துட்டு வாங்கிக்கறோம்" என்றாள். கடைக்காரப் பெண் இரண்டு நாற்காலி போட்டாள். அரை மணி நேரத்தில் இருபத்தொன்றிலிருந்து ஐம்பத்தாறு. அவள் புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. இளஞ்சூடுதான். பில் வாங்கினாள்.

அந்த அரை மணி நேரம் நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தோம். கல்யாணமான புதிதில் பஸ்ஸுக்குக் காத்திருப்போமே, அதற்கப்புறம் இப்படி உட்கார்ந்த ஞாபகம் இல்லை.

வீட்டில் அவள் பார்க்காதபோது அதைக் கையில் எடுத்தேன். இருநூறுகூட இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

அக்காவுக்குக் கண் ஆபரேஷன். நாளை மறுபடி போகிறாள், ஐந்து நாள். நானும் வருகிறேன் என்றேன். முழங்கால் பயிற்சிக்கு இன்னும் இரண்டு வாரம் பாக்கி என்று நினைவுபடுத்தினாள். பவர் பேங்கை அவளே சார்ஜ் போட்டு எடுத்து வைத்தாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

ரயில் கிளம்பியதிலிருந்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். 121, 117, 122. தட்டில் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. ஒரு மணிக்குப் போனை மார்மேல் வைத்துக்கொண்டு படுத்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடலாம் என்று.

கதவு இடிபடும் சத்தத்தில் எழுந்தேன். கீழ்த்தளத்துத் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு, மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க நிற்கிறார். "சார், நல்லா இருக்கீங்களா? உங்க வீட்டம்மா நாலு தடவை போன் பண்ணிட்டாங்க. கதவை உடைச்சாவது உங்களைப் பார்க்கச் சொல்றாங்க."

மணி மூன்றரை. என் போனைப் பார்த்தேன். செத்துக் கிடந்தது. காலையிலிருந்து எண்களைப் பார்த்துப் பார்த்து நானே தீர்த்திருக்கிறேன். அவள் போனைப் பற்றி ஒன்றரை மாதமாக இவ்வளவு யோசித்தோமே, என் போனைப் பற்றி நான் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

தையல்காரர் தன் போனைக் கொடுத்தார்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? ரெண்டு மணி நேரமா அடிக்கிறேன், அடிக்கிறேன். அந்தக் காலோட மாடிப்படியில விழுந்துட்டீங்களோன்னு —" அழுகிறாள். ரயில் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது.

"தூங்கிட்டேன்" என்றேன்.

"தூங்கறேன்னு சொல்லிட்டுத் தூங்கக் கூடாதா?"

தையல்காரர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். இத்தனை வருடமும் காவல் இருக்கிறவன் நான் ஒருவன்தான் என்றே நினைத்திருந்தேன். அங்கே ஒருத்தி இரண்டு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பயந்திருக்கிறாள். எத்தனை முறை இப்படிப் பயந்திருப்பாள்? நான் கேட்டதே இல்லை. சென்சார் வந்ததிலிருந்து இந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

எனக்கும் ஒரு பவர் பேங்க் வாங்க வேண்டும். கடை நடக்கும் தூரம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் வந்துவிடுவாள். சேர்ந்தே போய்க்கொள்ளலாம்.