நீ போடாத கையெழுத்து

நேற்று துறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். பழைய அலமாரியை ஒழித்துத் தர வேண்டுமாம், புதிதாகச் சேர்ந்தவருக்கு இடம் வேண்டுமாம். முனகிக்கொண்டே போய்த் திறந்தேன். கீழ்த்தட்டிலிருந்து கருவாட்டு வாசம் வந்தது. சட்டப் புத்தகங்களுக்கு நடுவே கருவாடு எங்கிருந்து வரும் என்று திகைத்து நின்றேன். அப்புறம்தான் அந்தக் காகிதக் கட்டு கண்ணில் பட்டது. காரோடு கிராமத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் மழைக்குப் பயந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடினோமே, அப்போது நெத்திலி காய்ந்த பாயின்மேல் நீ வைத்துவிட்ட படிவங்கள். இத்தனை வருடம் கழித்தும் வாசம் போகவில்லை. அலுவலக உதவியாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது மீனப் பற்றின ஆராய்ச்சி ஆக்கும், இல்லியா மேடம்?" என்று கேட்டார். நீ இருந்திருந்தால் அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பாய்.

ஆட்களின் பெயர் இருக்கும் தாள்கள், வெளியே போகக் கூடாதவை. காகிதம் கிழிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நானே போட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு நினைவுக்கு வந்தது. எல்லா வீட்டிலும் நீ இருந்தாய். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சட்டம், உளவியல், மருத்துவம் மூன்று துறைகளும் சேர்ந்து நடத்தும் ஆய்வு என்று விளம்பரம் வந்தபோது, மூன்று துறைகள் சேர்ந்தால் மூன்று மடங்கு சண்டைதானே வரும் என்று நான் சிரித்தேன். சண்டை போட இரண்டு பேரே போதும் என்பது உன்னைப் பார்த்த முதல் நாளே தெரிந்துவிட்டது. நான் சட்டம். நீ ஆறு வருடம் நர்சாக வேலை பார்த்துவிட்டு உளவியல் படிக்க வந்தவள். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நோயாளியிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்களே, அவர்கள் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்துதான் போடுகிறார்களா? இதுதான் நம் கேள்வி. வயது வந்த ஆள், யாரும் மிரட்டவில்லை, கையெழுத்து இருக்கிறது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேன்டீனில் வைத்துக் கேட்டேன். நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய்.

"எட்டி, நான் ஆறு வருசம் அந்தத் தாள நீட்டுன ஆளு. ஒப்பு போடுத நேரம் ஒருத்தரும் தாளப் பாக்கமாட்டாவ. எனக்க மூஞ்சியத்தான் பாப்பாவ."

கொல்லயில், காரோடு, கோட்டுகால் என்ற ஊர்களில் வீடு வீடாகப் போய், நம் ஆய்வுக்குச் சம்மதம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேச வேண்டும். முதல் வாரம் எந்தக் கதவும் திறக்கவில்லை. கையில் தாளோடு இரண்டு பெண்கள் வந்தால் யார்தான் திறப்பார்கள்? அப்போதுதான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. எங்கள் குடும்பம் தலைமுறைகளாக மிஷன் சபைக் குடும்பம். போதகரிடம் போய்ச் சொன்னேன். அவரும் நல்ல மனதோடு, ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது, நம் சபைப் பிள்ளை ஒரு படிப்புக்காக வீடுகளுக்கு வருகிறாள், எல்லாரும் ஒத்துழைக்க வேண்டும் என்று சொன்னார். மறுநாள் முதல் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். எல்லாக் கதவும் திறந்தன. டீ, பழம்பொரி, சில வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். நாம் வாய் திறக்கும் முன்னே "எங்க ஒப்பு போடணும்?" என்று கேட்டார்கள். இரண்டே வாரத்தில் சேர வேண்டியது எல்லாம் சேர்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நீ மட்டும் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாய்.

"ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லல்லியே மக்கா. உனக்கு அது வித்தியாசமா தோணல்லியா?"

எனக்குத் தோன்றவில்லை. பழம்பொரி நன்றாக இருந்தது என்றுதான் தோன்றியது.

காரோட்டில் அந்த நெத்திலி வீட்டு அம்மாதான் நம்மைக் கவிழ்த்தார். அவர் கணவருக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. நாம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், மழை வந்ததும் நமக்குக் குடை பிடித்தார், கையெழுத்தும் போட்டார். நாம் கிளம்பும்போது என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்.

"மோளே, எனக்க மகளுக்கு ஓலை வாசிப்பு அடுத்த மாசம் உண்டு. நான் ஒப்பு போட்டாச்சுன்னு சபையில சொல்லுவியளா? இல்லாட்டி அதுக்கு ஏதும் தடை வந்திருமா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. ஓலை என்றால் என்ன என்று நீ வாசலைத் தாண்டியதும் கேட்டாய். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரைச் சபையில் உரக்க வாசிப்பார்கள், யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லலாம் என்றேன். நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன், ஒருவரும் மறுப்புச் சொன்னதில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். கையெழுத்துப் போடாவிட்டால் மகளின் ஓலையைச் சபை நிறுத்திவிடும் என்று அந்த அம்மா பயந்திருந்தார். போதகர் அப்படி எதையும் நினைத்தவரே இல்லை. கேட்டால் பதறிப்போயிருப்பார். ஆனால் அந்த இடத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் எங்கள் ஆட்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சபைக்கு வெளியிலிருந்து வந்த நீ அல்ல, உள்ளேயே வளர்ந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

பஸ் நிறுத்தம் வரை சண்டை போட்டோம். எல்லாப் படிவமும் செல்லாது என்றாய். சட்டப்படி செல்லும் என்றேன். ஆய்வறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது, திரும்பவும் முதலிலிருந்து என்றால் என் வேலை போய்விடும் என்று கத்தினேன். பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஒருவர் தீக்குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்தார்.

"நாம எதப் படிக்கணும்னு வந்தோமோ, அதையே செஞ்சு வச்சிருக்கோம் ஆக்கும்," என்று மட்டும் சொன்னாய். பாறசாலை வரை நீ ஜன்னலோரம், நான் படிக்கட்டோரம். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நீ ஒரு கயிறு எடுத்து அத்தனை படிவத்தையும் கட்டிவைத்துவிட்டு, முதலிலிருந்து வீடு வீடாகத் தனியாகப் போகத் தொடங்கியிருந்தாய். அதைக் கேட்டதும் ரோஷம் வந்து நானும் பின்னால் வந்துவிட்டேன். அதையும் சொல்லிக்காட்டினாய்.

இரண்டாம் சுற்றில் உன் வழிகளைப் பார்த்து எரிச்சல்தான் பட்டேன். கையெழுத்துக்கு முன்னால் டீ குடிக்கக் கூடாது. தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும், மூன்று நாள் கழித்துத்தான் போக வேண்டும். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வது இந்தப் பக்கத்தில் யாருக்கும் வராது. நம் தலை தெரிந்ததும் பின்பக்கத் தோப்புக்குள் இறங்கிவிடுவார்கள். காத்திருந்து பார்க்கலாம் என்பேன் நான். "வீட்டுல ஆளு இல்லாம போறதும் ஒரு பதில் ஆக்கும். நட," என்று என்னை இழுத்துக்கொண்டு போவாய். அந்த நெத்திலி வீட்டுக்கும் போனோம். அந்த அம்மா தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து, "எனக்கு இதுல விருப்பம் இல்ல மோளே, வருத்தப்படாதியோ," என்றார். உனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவர் பயந்தே போனார். அந்த வீட்டில் மட்டும் நீ இரண்டு டீ குடித்தாய். நம் அறிக்கை நான் பயந்ததைவிடத் தாமதமாகத்தான் போனது. ஆனாலும் என் வேலை போகவில்லை. இன்று நான் ஆய்வு நெறிக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள் என்று பெருமையாக வரும் மாணவர்களிடம், மறுத்தவர்கள் எத்தனை பேர் என்று முதலில் கேட்பவள் நான்தான். உன் குரலில் கேட்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இனி எழுதுவதற்குத்தான் இத்தனை சுற்றி வந்திருக்கிறேன்.

உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த வாரம், ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "பெரிய காரியம் ஒண்ணும் அவகிட்ட சொல்லண்டாம். சின்ன ஆப்பரேசன்னு நீ சொன்னா அவ நம்புவா," என்றார். அவர் கண் சிவந்திருந்தது. நான் தலையாட்டினேன். சம்மதத்தைப் பற்றி ஒரு புத்தகம் அளவுக்கு எழுதியவள், சரி என்று தலையாட்டினேன். உள்ளே வந்தால் நீ படிவத்தை என் மடியில் வைத்து, "கண்ணாடி இல்ல, வாசி," என்றாய். கண்ணாடி தலையணைப் பக்கத்திலேயே இருந்தது. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. முழுவதும் வாசித்தேன். செய்தால் கொஞ்ச காலம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், படுத்த படுக்கையாகவே ஆகலாம் என்பது வரை எல்லாம்.

"நான் இத எத்தனையோ பேருக்குப் பாத்திருக்கேன். எனக்கு வேண்டாம். வீட்டுக்குப் போணும்," என்றாய்.

உன் நியாயம் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன? எனக்கு நீ வேண்டும். இன்னும் ஒரு வருடம் என்றால் ஒரு வருடம், படுத்த படுக்கை என்றால் படுத்த படுக்கை. அந்த நிமிடம் போதகரைக் கூப்பிட்டு, சபை முழுவதையும் கூப்பிட்டு உன் கட்டிலைச் சுற்றி நிறுத்தியிருப்பேன். பேனாவை எடுத்து உன் விரலுக்குள் வைத்தேன். நான் வாயைத் திறக்குமுன் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"மக்கா, நீ கேட்டா நான் போட்டிருவேன். அதுனாலதான் சொல்லுதேன், கேக்கண்டாம்."

நான் கேட்கவில்லை.

ஒரு மழைக்காலம் முழுவதும் கொல்லயில் ஊரில் உன் வீட்டில் இருந்தாய். டாக்டர் கூடாது என்றதையெல்லாம் சாப்பிட்டாய். ஓணத்துக்கு முன்னால் போய்விட்டாய். பதினாறாம் நாள் உன் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உனக்க வாக்க அவ தட்டமாட்டா. நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா அவ ஒப்பு போட்டிருப்பா," என்றார். நீ என்னிடம் சொன்னது அவருக்குத் தெரியாது. ஆனாலும் அப்படியே அதைத்தான் சொன்னார். அப்புறம் இரண்டு வருடம் அவர் என்னோடு பேசவில்லை.

போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. இதயத்தில் அடைப்பாம், உடனே அறுவைச் சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்கிறார்களாம். "நீ ஒண்ணு வா. தாள வாசிச்சுத் தரணும். ஒண்ணும் விடண்டாம்," என்றார். போனேன். உனக்கு வாசித்ததுபோலவே ஒரு வரி விடாமல் வாசித்தேன். அவர் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "இப்ப வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன்," என்றார். உன் குரல்தான்.

நான் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். தாளை வைத்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணா, எனக்காகப் போடுங்க," என்றேன்.

போட்டார். இப்போது காலையில் கடைத்தெருவரை நடக்கிறாராம். உன்னிடம் விழுங்கிய வார்த்தை இத்தனை நாளும் என் தொண்டையிலேயே இருந்தது, அன்றைக்கு அவரிடம் வந்துவிட்டது. தப்பு என்று தெரிந்தேதான் கேட்டேன். திட்டுவதானால் திட்டு. ஆனால் மக்கா, அவரிடம் கேட்டதற்காக எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெடவில்லை. உன்னிடம் கேட்காததற்காகத்தான் கெடுகிறது.