இடது தொட்டி

8 அக்டோபர், புதன்

இன்றைக்கும் படகின் இடது தொட்டி நிறையவில்லை. வலது தொட்டி ஏழே நிமிடத்தில் நிறைந்து, நிறைந்துவிட்டேன் என்று சொல்வது போல ஓரத் துளை வழியே தண்ணீரை வெளியே கொட்டியது. இடது பக்கம் பம்ப் உறுமுகிறது, உறுமுகிறது, பாதிக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. படகு வலது பக்கம் சாய்ந்துகொண்டு ஓடியது. படகுக்குப் பின்னால் பலகையில் நின்று கயிற்றைப் பிடித்துப் பழகும் நிஷா இரண்டு தடவை விழுந்தாள். “அக்கா, அலை ஒரு பக்கம்தான் வருது” என்று உதட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். லேசாக ரத்தம்.

ஆயுத பூஜை போட்டு சரியாக ஒரு வாரம். சாமிக்கே இந்தப் படகைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். படகு கனமாக இருந்தால்தான் பின்னால் பெரிய அலை எழும்பும், அதற்குத்தான் தண்ணீர் நிரப்புகிறோம் என்று. மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “நாங்க போட்ல தண்ணி பூந்தா வாரி வாரி எறைப்போம். உங்க மொதலாளி மெஷினு வச்சு உள்ள ஊத்துறாரா? இன்னாடி கூத்து இது?”

நொச்சிக்குப்பத்தில் என் அம்மா தேசம்மாவுக்குப் பதில் சொன்னவர் யாருமில்லை.

9 அக்டோபர், வியாழன்

இடது பம்ப்பைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரத்தில் மூன்று இறக்கைகள் கிழிந்து தொங்குகின்றன. தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓட்டினால் இப்படித்தான் கிழியும். மெக்கானிக் படிப்பில் சொல்லிக்கொடுத்தது அதுதான். சுவிட்ச் இருப்பது ஓட்டுகிறவர் கைக்குக் கீழே. ஓட்டுகிறவர் ஷரீஃப் பாய்.

கேட்டேன். “வெறும் பம்ப்பை நான் ஓட்டலம்மா. சத்தம் மாறுனா எனக்குத் தெரியாதா? இருவது வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?” என்றார். கோபமாகக்கூட இல்லை.

ராபர்ட் சார் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். இந்த நீர்ச்சறுக்கு கிளப் அவருடையது, படகு அவருடையது, இந்த மாதக் கடைசியில் முடியப்போகும் என் ஆறு மாத ப்ரொபேஷனும் அவருடையதுதான். “பொண்ணு மெக்கானிக்கா?” என்று மெம்பர்கள் கேட்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு சிரிப்பாரே, அந்தச் சிரிப்போடு நின்றார். “ரிப்பேர் ஷீட்ல காரணத்தை எழுதும்மா.”

எழுதினேன். தண்ணீரில்லாமல் ஓட்டியதால் கிழிந்தது. ஒரே வரி.

இந்த வேலைக்கு என்னைக் கூட்டிவந்தவரே பாய்தான். நான் “எடுக்கலாம் பாய்” என்றால் போதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் சாவியைப் போடுவார். ஆனால் கிழிந்தது கிழிந்ததுதானே? நான் என்ன பொய்யா எழுதினேன்?

10 அக்டோபர், வெள்ளி

பாயைப் படகிலிருந்து இறக்கி லைஃப் ஜாக்கெட் கொடுக்கிற இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

12 அக்டோபர், ஞாயிறு

நேற்று புது ரப்பர் போட்டேன். பாய்க்குப் பதிலாக முருகையன் ஓட்டினான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, சுவிட்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு நொடிகூட வெறும் பம்ப் ஓடவில்லை. இன்றைக்கு மறுபடியும் கிழிந்துவிட்டது.

அப்படியென்றால்—

மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. வலது பம்ப்பைக் கழற்றி இடது பக்கம் மாட்டினேன். இடது பக்கத்து பம்ப்பில் புது ரப்பர் போட்டு வலது பக்கம் மாட்டினேன். பம்ப்பில் கோளாறு என்றால் கோளாறும் கூடவே போக வேண்டும். போகவில்லை. வலது தொட்டி ஜம்மென்று நிறைந்தது. நல்ல பம்ப்பை வைத்தும் இடது தொட்டி பாதியிலேயே நின்றது.

பம்ப் மேல் தப்பில்லை. ஓட்டியவர் மேலும் தப்பில்லை. பின்னே யார் மேல்? வயரைப் பார்த்தேன், சரி. ஃபியூஸ் சரி. அடியில் தண்ணீர் ஏறும் வாயில் பாசி, பிளாஸ்டிக் ஏதாவது? சுத்தம்.

அந்தப் பக்கம் குழந்தைகளுக்கு ஜாக்கெட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார் பாய். நான் அந்த வழியாகவே போகவில்லை.

13 அக்டோபர், திங்கள்

விடுமுறை. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கலங்கரை விளக்கம் வரை நடந்தேன், திரும்பி நடந்தேன், மறுபடியும் போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டே, “காலு நிக்கவே மாட்டேங்குது, இன்னா ஆச்சு உனக்கு? யாராவது பையனா?” என்றாள். பையனாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

பாய்க்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

15 அக்டோபர், புதன்

கிடைத்துவிட்டது.

எல்லாம் பார்த்தாயிற்று, மிச்சம் அந்த ஓரத் துளைதான். தொட்டி நிறையும்போது உள்ளே இருக்கும் காற்று அது வழியாகத்தான் வெளியே போக வேண்டும். உள்பக்கம் குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம். கம்பியை வளைத்து விட்டு இழுத்தேன். வளைவில் மாட்டியிருந்தது உருண்டையாக வந்து உள்ளங்கையில் விழுந்தது. பழுப்பு நிறம். பிரித்தால் உள்ளே மஞ்சள் இதழ்கள். சந்தன வாசனை.

சாமந்திப்பூ.

பூஜையன்று படகுக்குப் பொட்டு வைத்தது நான். பூ வைத்தால் காற்றில் பறந்துகொண்டே இருந்தது. அந்தத் துளை கண்ணில் பட்டது, அளவெடுத்துச் செய்த மாதிரி. சந்தனத்தைக் குழைத்து அப்பி, பூவை உள்ளே அழுத்தினேன். “அந்தாண்ட பக்கம்?” என்று கேட்டார் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பாய். “பூ தீந்துபோச்சு பாய், வெறும் பொட்டு போதும்.” அதனால்தான் வலது பக்கம் பிழைத்தது.

தொட்டியைக் காலி செய்தபோது உள்ளே போன காற்று பூவையும் இழுத்திருக்கிறது. ஊறி உப்பி அடைத்துக்கொண்டது. காற்றுக்குப் போக வழியில்லை, தண்ணீருக்கு வர இடமில்லை, நடுவில் பம்ப் மட்டும் முட்டி முட்டிக் கிழிந்திருக்கிறது. என் கையால. நானே வச்சேன், நானே அவர் மேல எழுதினேன். சீ.

யாரும் பார்க்கவில்லை. காகிதத்தில் மடித்து பேண்ட் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன்.

16 அக்டோபர், வியாழன்

இரண்டு தொட்டியும் ஒன்றாக நிறைந்தன. நிஷா விழவே இல்லை. ராபர்ட் சார், “இன்னாம்மா பண்ணே?” என்றார். “அடைப்பு சார்.” என்ன அடைப்பு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போகும்போது பாய் கூப்பிட்டார். “ரெடியாயிடுச்சாம்மா? நல்லது, நல்லது.” நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

17 அக்டோபர், வெள்ளி

இன்றைக்கும் சொல்லவில்லை. ப்ரொபேஷன் முடிய இரண்டு வாரம். முடிந்ததும் சொன்னால் என்ன? — த்தூ, இப்படியும் ஒரு யோசனை.

18 அக்டோபர், சனி

புதிதாகச் சேர வந்த ஒரு குடும்பத்துக்குப் படகைக் காட்டிக்கொண்டிருந்தார் ராபர்ட் சார். “பழைய டிரைவர் பம்ப்பைக் கெடுத்துட்டான். இந்தப் பொண்ணுதான் கண்டுபிடிச்சுது.” பாய் கை எட்டும் தூரத்தில் ஜாக்கெட் மடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

பாக்கெட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்து சார் முன்னால் பிரித்து வைத்தேன். “அவர் கெடுக்கல சார். இது உள்ள இருந்துச்சு. பூஜைக்கு நான்தான் வச்சேன். ஷீட்ல எழுதினது தப்பு.” வந்தவர்கள் பூவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சார் சிரிக்கவில்லை. அவர்கள் போனதும், “இன்னும் ஆறு மாசம் ப்ரொபேஷன். அதுவரைக்கும் உன் வேலையை வேற ஆள் வந்து செக் பண்ணுவாங்க. ஷரீஃபை நாளையிலருந்து படகுக்கு வரச் சொல்லு” என்றார்.

சொல்லப் போனேன். “மன்னிச்சிடுங்க பாய்.”

“பூ தட்டை நான்தானேம்மா புடிச்சுக்கினு இருந்தேன். அது கெடக்குது, வுடு.” கையிலிருந்த ஜாக்கெட்டை மடித்து வைத்தார். “ஆனா நான் ஓட்டலன்னு சொன்னேன்ல? அன்னிக்கு நீ எம் மூஞ்சியப் பாத்துதானே கேட்டே, அப்பவும் நம்பல.”



20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. அம்மா அதிரசம் கட்டிக் கொடுத்தாள், பாய் வீட்டுக்கு. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி அஃப்சருன்னிசா வாங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். பாய் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வாசலில் அவர் செருப்பு கிடந்தது.

25 அக்டோபர், சனி

ஒரு வார மழை விட்டு இன்றைக்குத்தான் படகை இறக்கினோம். பாய் வழக்கம்போல ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார், அதிரசம் நன்றாக இருந்தது என்றார். எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, “எடுக்கலாம் பாய்” என்றேன்.

அவர் சாவியைப் போடவில்லை. எழுந்து, ஓரமாகக் குனிந்து, இடது பக்கத் துளையில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் போய் வலது பக்கத் துளையிலும் பார்த்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அப்புறம்தான் சாவியைப் போட்டார்.