பெயர்க் கட்டத்தில் நான் எழுதியது

சிதம்பரம்,
2.1.2008

அன்புள்ள எழிலனுக்கு,

சித்தி எழுதுகிறேன். வழக்கமாக உன் அப்பா எழுதி, கடைசியில் ஓரத்தில் இடம் இருந்தால் என் பெயரையும் சேர்த்துப் போடுவார். இன்று முழுத் தாளையும் நானே எடுத்துக்கொண்டதற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் நன்றாக இருக்கிறாய் என்று போனில் உன் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம், ஆனால் ஆள் இளைத்திருப்பது குரலில் தெரியாதே. உன் தங்கை வாணிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, இசைவாணி என்று தன் முழுப் பெயரைச் சொன்னால்கூட ‘இசை’யில் காற்றுதான் வருகிறது, அதனால் வெறும் வாணி என்று சொல்லிக்கொள்கிறாள். டிசம்பர் மழையில் உன் அறைச் சுவரில் ஓதம் ஏறியதால், உன் காலேஜ் புத்தகங்களை எல்லாம் எடுத்து பீரோ மேலே வைத்திருக்கிறேன், ஒன்றும் நனையவில்லை. இங்கே வந்திருக்கும் கடலூர் பெரியம்மாவுக்கு முட்டி வலி குறையவில்லை, ஆனாலும் சீரியலுக்கு நேரமானால் எழுந்து நடந்து வந்துவிடுகிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். போன் கூடத்தில் டிவி பக்கத்தில் இருக்கிறது, பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். பிரவுசிங் சென்டரில் மெயில் அடிக்கலாம் என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் கண் நம் திரையில்தான் இருக்கும். அதனால்தான் கடிதம். உன் கையில் மட்டும் இது சேர வேண்டும்.

நானும் தாத்தாவும் டெல்லி போய் வந்ததை உன் அப்பா சொல்லியிருப்பார். அவர் சொன்னது பாதி, மீதி அவருக்கே தெரியாது. சுதந்திரத்தின் அறுபதாம் ஆண்டு என்று ஒரு சங்கத்தார் அங்கே மூன்று நாள் விழா வைத்து, மாநிலத்துக்கு நாலைந்து பேராகத் தியாகிகளை அழைத்திருந்தார்கள். துணைக்கு ஒருவர் வரலாம். உன் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, டிகிரி படித்தவள், இங்கிலீஷ் தெரியும் என்று என்னை அனுப்பினார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், பேச வராது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். பெயர் என்ற கட்டத்தில், நம் ஊரில் எல்லோரும் சொல்கிறபடி, தியாகி வைத்திலிங்கம் என்றே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவிட்டேன். கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் போடுகிறார்கள், பால்காரர் அட்டையில்கூட அப்படித்தான் இருக்கிறது. அது தப்பாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரயில் பாதை வேலை இன்னும் முடியாததால் பஸ்ஸில் சென்னை போய் அங்கிருந்து ரயில் ஏறினோம். டெல்லியில் இறங்கியதும் அந்தக் குளிர் இருக்கிறதே, மாமா, அதாவது உன் தாத்தா, இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் உன் பழைய காலேஜ் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, அப்படியும் பல் தந்தியடித்தது. விழா நடக்கும் இடத்தில் கவுன்டரில் பெயர் தேடினார்கள், வி வரிசையில் இல்லை. நான் பயந்தே போனேன். கடைசியில் டி வரிசையில் இருந்தது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள், அதில் வைத்திலிங்கம் இல்லை, வி. தியாகி, தமிழ்நாடு என்று மட்டும் இருந்தது. அட்டை கொடுத்த பெண் காலேஜில் படிப்பவளாம், முகமெல்லாம் சிரிப்பாகி, தன் அம்மா பிறந்த வீடும் தியாகிதான், மீரட் பக்கம், தமிழ்நாட்டிலும் தியாகிகள் இருப்பது தனக்குத் தெரியாது, நீங்கள் எப்போது அங்கே குடிபோனீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் யெஸ் என்றேன்.

மறுநாள் காலையில் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி இந்தியா கேட் பக்கம் சுற்றிக் காட்டினார்கள். பனியில் அது பாதிதான் தெரிந்தது. திரும்பும் வழியில் கடைப் பலகைகளை நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன், மாமாதான் படிக்கச் சொன்னார். தியாகி ஸ்வீட்ஸ் என்று ஒன்று வந்தது. கொஞ்ச தூரத்தில் தியாகி பிராபர்ட்டீஸ். மாமா என் பக்கம் திரும்பி, "ஏம்மா, மிட்டாய்க் கடைக்காரன், வீட்டு புரோக்கரு எல்லாருமா இங்க செயிலுக்குப் போனாங்க?" என்றார். அது இங்கே குடும்பப் பெயர் மாமா, பிறந்தாலே வந்துவிடும் என்று விளக்கினேன். "செயிலுக்குப் போவாமலேயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். எட்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முன் சீட்டில் இருந்த ஆந்திராக்காரப் பெரியவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு குல்லாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டின் மேல் கோணலாக இருந்த அட்டையை நேராகக் குத்திக்கொண்டார். அதுவரை அதை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் பெரிய மண்டபத்தில் மரியாதை செய்யும் நிகழ்ச்சி. ஸ்கூல் பெண்கள் பாடினார்கள், பேண்டு வாசித்தார்கள், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஸ்ரீ தியாகி என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மாமா எழுந்திருக்கவில்லை. காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று எழுந்து அவர் தோளைத் தொட்டேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, "நான் போவல. அது எவனோ மீரட்டுக்காரன். வுடு" என்றார். இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, படிவத்தில் நான் செய்த தப்புக்குக் கோபித்துக்கொண்டார் என்று நினைத்து, நான் போய்ப் பெயரைத் திருத்தச் சொல்கிறேன் மாமா என்று எழுந்தேன். அப்போதுதான் சொன்னார். பேண்டு சத்தத்தில் கேட்கவில்லை, அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லையும் கூட்டவில்லை. "இங்க அது பொறப்புல வர பேரு, மாட்டிக்கிட்டா பாவமில்ல. நம்ம ஊருல நான் பொய் சொல்லி வாங்குனதும்மா. நான் செயிலுக்குப் போனது நெசம். கொடி புடிச்சிப் போவல. சைக்கிள் திருடிட்டுப் போனேன்."

நான் சிரித்துவிட்டேன் எழிலா. கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கையில் அங்கே கொடுத்த சமோசா ஒன்று இருந்தது, அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். வாயில் வந்தது என்ன தெரியுமா, "என்ன சைக்கிள் மாமா?" என்று கேட்டேன். எவ்வளவு அசட்டுக் கேள்வி. அவர் அதற்கும் பதில் சொன்னார். "ராலே. பச்சைக் கலரு. பசிக்கு எடுத்தேன்னாலும் சொல்லிக்கலாம், பசியில்ல, ஆசை."

கடலூரில் ஒரு வக்கீல் குமாஸ்தாவின் சைக்கிளாம். நாற்பத்திரண்டில், மாமாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டு நாள் ஆசை தீர ஓட்டிவிட்டு, குறிஞ்சிப்பாடியில் விற்கப் போய்ப் பிடிபட்டிருக்கிறார். ஆறு மாதம். அதே சமயம் கொடி பிடித்து ஊர்வலம் போனவர்களையும் அதே சிறையில் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் தட்சிணாமூர்த்தி, நம் வீட்டு விசேஷங்களில் முன்வரிசையில் வந்து உட்காருவாரே, போன வருஷம் இறந்துபோனாரே, அவர்தான். அங்கே அவருக்குக் காய்ச்சல் வந்தபோது மாமா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாராம். எழுபத்திரண்டில் தியாகிகளுக்குப் பென்ஷன் வந்தபோது, சிறையில் கூட இருந்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தட்சிணாமூர்த்தி தானாகவே வந்து, நீயும் அதே கஞ்சியைத்தானே குடித்தாய், தேதி சரியாக இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். உன் பாட்டியும் அப்போது வேண்டாம் என்று சொல்லவில்லையாம். தட்சிணாமூர்த்தி இருக்கிறவரை வெளியில் சொன்னால் அவர் பெயரும் கெடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

ரயிலில் திரும்பி வரும்போது மாமா நன்றாகத் தூங்கினார். தயிர்ச்சாதப் பொட்டலம் இரண்டையும் அவரே சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஊருக்கு வந்து மூன்று வாரமாகிறது, தியாகி என்று சர்க்கார் கொடுத்து, கூடத்தில் மாட்டியிருக்கும் செப்புப் பட்டயத்தை இன்னும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உன் அப்பா இந்தியா கேட் பக்கம் எடுத்த டெல்லி போட்டோவைப் பெரிதாக்கி அதன் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுகிறேன்.

இனிமேல்தான் உன் விஷயம். உன் இன்ஜினியரிங் சீட்டு தியாகி வாரிசு ஒதுக்கீட்டில் வந்தது. அந்தச் சான்றிதழுக்காக நானும் உன் அப்பாவும் கடலூருக்கு நாலு தரம் அலைந்தோம், உனக்கு ஞாபகம் இருக்கும். உன் மார்க் நல்ல மார்க்தான், ஆனால் பொதுவில் அந்தக் காலேஜ் கிடைத்திருக்காது. உனக்கு எதுவும் தெரியாது, உன்மேல் ஒரு தப்பும் இல்லை. மாமா ஜனவரி இருபத்தாறாம் தேதி வாணி ஸ்கூலில் கொடியேற்றப் போகிறார் இல்லையா, இந்த வருஷமும் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து கூப்பிட்டுவிட்டார். அன்றைக்குக் கயிற்றைத் தொடாமல், பிள்ளைகள் முன்னால் உள்ளதைச் சொல்லிவிட்டு, நேராகக் கடலூர் போய் கலெக்டர் ஆபீசில் பட்டயத்தை ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறார். உன் அப்பாவிடம் அதற்கு முன்னால் தானே சொல்லிக்கொள்வாராம். உன்னிடம் மட்டும் முதலில் கேட்கச் சொன்னார். "எழிலன் வேணாம்னா வேணாம்மா, நான் வாயத் தொறக்கல. அவன் சோத்துல கைய வெக்க எனக்கு உரிமையில்ல" என்றார்.

இதனால் உன் பட்டத்துக்கோ வேலைக்கோ ஏதாவது வருமா என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது, கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும். ஒன்றும் ஆகாது என்று உனக்கு நான் தைரியம் சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். மாமா சொல்லிவிட்டால் உன் அப்பா உடைந்துபோவார், தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்று சொல்வார், வாணியை ஸ்கூலில் பிள்ளைகள் திருட்டு சைக்கிள் என்று கூப்பிடுவார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் மூன்று வாரம் எழுதாமல் இருந்தேன். நீ யோசித்து முடிவு செய், யார் சொல்வதையும் கேட்க வேண்டாம் என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆனால் உனக்கு நான் எப்போதும் சொல்லாத ஒன்று இருக்கிறது. டிகிரி முடித்த வருஷம் டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டேன். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து பட்டியல் ஒட்டிய பலகையைப் பார்ப்பேன், என் அப்பா கரும்பு வெட்டிவிட்டு வந்து, இன்றைக்குப் பெயர் மேலே ஏறிவிட்டதா என்று கேட்பார். ஒரே ஒரு இடம். கடைசிவரை ஏறவில்லை. என் இடம் யாருக்குப் போயிற்று, எந்த வழியில் போயிற்று என்று எனக்குத் தெரியாது, அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் காலேஜ் பலகைக்கு முன்னாலும் அந்த வருஷம் யாரோ ஒரு பையனோ பெண்ணோ நின்றிருப்பார்கள் என்ற நினைப்பு டெல்லியிலிருந்து என் கூடவே வருகிறது. வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு எழுதுவதாக இருந்தால் இதை முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். சித்தி எழுதினால், வந்தவள் என் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று உனக்குத் தோன்றுமோ என்று பயந்துதான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

எந்த முடிவானாலும் நீ எங்கள் பிள்ளை. உன் படிப்பு உன் தலையில் ஏறிய படிப்பு, அதை யாரும் எடுக்க முடியாது. நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று தினமும் தில்லைக் காளியை வேண்டிக்கொள்கிறேன். தினமும் பரோட்டா சாப்பிடாதே, வாரம் ஒருமுறையாவது தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன், இதற்கு முன்னால் எதுவும் கேட்டதில்லை. இருபத்தாறுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் செய். அப்பாவிடம் பேசிவிட்டு தாத்தாவிடம் கொடுக்கச் சொல். அவர் வாங்கி ஹலோ என்பார். நீ எல்லோரும் போனில் சொல்வதுபோல, "சொல்லுங்க தாத்தா" என்று சொல். கூடத்தில் யாருக்கும் ஒன்றும் புரியாது. அவருக்குப் புரியும்.

இப்படிக்கு,
உன் சித்தி,
வெண்மதி