நாலாம் மெஷினின் கதவு

மார்ச் 3, திங்கள்

மாடியில் குடியிருக்கும் தங்கச்சி மோட்டாரை அணைக்க மறந்துவிட்டாள். தொட்டி வழிந்து, கொடியில் காய்ந்த என் சட்டைகள் இரண்டும் மறுபடி நனைந்தன. ஈரச் சட்டையோடுதான் வேலைக்குப் போனேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, அதாவது அவள் வீட்டுக்காரர், வழியெல்லாம் சிரித்தார். "சோப்பு ஃபாக்டரிக்குத்தானே போறோம் மச்சான். துவைச்ச கையோட வந்துட்டேன்னு சொல்லுங்க."

சோப்பைப் பெட்டியில் போட்டு மூடும் எங்கள் மெஷின்கள் நாலும் இத்தனை வருஷம் தங்கள் பேனலைத் தவிர யாரோடும் பேசியதில்லை. இனி தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமாம். இணைப்புக் கொடுக்க ஒரு பெண் இன்ஜினியர் வந்திருக்கிறாள். எதைக் கேட்டாலும் "அது கிளவுடுக்குப் போயிடும் சார்" என்கிறாள். மதியத்துக்குள் எல்லாரும் அவளுக்கு மேகம் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"மெஷின் நிக்கிறது தெரியும் சார். ஏன் நிக்குதுன்னு தெரியணும், அதுதான் எங்களுக்கு வேணும்" என்றாள்.

நான்தான் சொன்னேன், கதவு சிக்னலை எடுத்துக்கொள் என்று. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கண்ணாடிக் கதவு. கதவில் சின்னக் காந்தம், சட்டத்தில் அதை உணரும் சென்சார். கதவைத் திறந்தால் காந்தம் விலகும், மெஷின் நிற்கும். அட்டை சிக்கினால் ஆபரேட்டர் கதவைத் திறந்து, எடுத்துவிட்டு, மூடுவார். இருபது வினாடி வேலை. அந்த ஒயரை அப்படியே இழுத்துக் கொடுத்தால் எத்தனை தடவை திறந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

"சூப்பர் சார், எனக்கு இது தோணவே இல்ல" என்றாள். கருவிப் பிரிவில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியதற்கு இன்றுதான் ஒருவர் பாராட்டியிருக்கிறார். சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதுவதற்கென்ன.

மார்ச் 4

சிக்னல் வந்துவிட்டது. கதவைத் திறந்து திறந்து மூடினோம், திரையில் எண் கூடக் கூட இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 12, புதன்

பேக்கிங் ஹாலில் சுவரளவு திரை மாட்டிவிட்டார்கள். மெஷின் எண், ஆபரேட்டர் பேர், ஒரு ஷிப்டில் எத்தனை தடவை நின்றது, எல்லாம் தெரியும். பத்துக்கு மேல் போனால் சிவப்பு.

ஒன்று, இரண்டு, மூன்று பச்சை. மாப்பிள்ளை ஓட்டும் நாலாம் மெஷின் 41. சிவப்பு.

மாப்பிள்ளை இடுப்பில் கைவைத்துத் திரையை அண்ணாந்து பார்த்தார். "என் கல்யாணத்துக்குக்கூட என் பேரை இவ்வளவு பெரிசா போடல மச்சான்." ஹாலே சிரித்தது.

நாலுதான் இருப்பதில் பழையது. அதன் மடிப்புத் தகடு தேய்ந்துபோய், அட்டை கோணிக்கொண்டு சிக்குகிறது. புதுத் தகடு வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரையில் தகட்டுக்கு இடமில்லை. ஆபரேட்டர் பேருக்குத்தான் இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

வாரக் கூட்டம். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பேர் 'சீக்கிரம்'. வணக்கம் சொன்னால்கூட "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். இன்று நிதானமாக இருந்தார். மாப்பிள்ளையை எழுந்து நிற்கச் சொன்னார்.

"மூணு மெஷின் ஓடுது. உன்னோடது மட்டும் ஏன்பா படுத்துக்குது? நீ ஓட்டுறியா, தாலாட்டுறியா?"

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. நான் அந்த நிமிஷமே எழுந்து தகட்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கூட்டம் முடிந்தபின் தனியாகப் போய்ச் சொன்னேன். "எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். "மறுபடி எழுதிக் குடுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கதவு சிக்னல் என்று வாய் திறந்தது நான், கெடுவது அவர்.

மார்ச் 27

நாலாம் மெஷின்: 0. ஹாலில் கை தட்டினார்கள்.

நாற்பத்தொன்று எப்படி ஒரே நாளில் பூஜ்யமாகும்? நேற்றைக்கு இருந்த தகடுதான் இன்றைக்கும் இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

டீ நேரத்தில் நாலாம் மெஷினின் பின்பக்கம் போனேன். கண்ணாடிக் கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளையின் வலது கை முழங்கை வரை உள்ளே. சோப்பைத் தள்ளும் கோல் முன்னால் வந்து போகும் இடைவெளியில், சிக்கிய அட்டையை உருவி எடுக்கிறார். சென்சார் மேல் ஒரு வட்டக் காந்தம், பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது, டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. கதவு மூடியிருப்பதாகவே மெஷின் நம்பும்.

"கையை எடுங்க மாப்ள! எடுங்கன்னா!" என் குரல் எனக்கே வேறு யாரோ கத்தியதுபோல இருந்தது.

எடுத்தார். "எதுக்கு மச்சான் இந்தக் கத்து? பதினோரு வருஷமா இதோட குடும்பம் நடத்துறேன். எப்ப மூச்சு விடும், எப்ப இழுக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"ஒரு நாள் அதுக்குத் தெரியாம போச்சுன்னா?"

"கதவைத் திறந்தா எண்ணுது. எண்ணுனா நிக்க வெக்கிறாங்க. நான் என்ன பண்ண, சொல்லுங்க." குரலைத் தாழ்த்தி, "ஒயரை இழுத்தது நீங்கதானே."

காந்தத்தை அவரே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். இனி வைக்க மாட்டேன் என்று தங்கச்சி மேல் சத்தியம் செய்தார்.

ஏப்ரல் 1

நேற்று 38. இன்று 43. சத்தியத்தைக் காப்பாற்றுகிறார். இன்னும் ஒரு வாரம் சிவப்பு என்றால் லாரியில் மூட்டை ஏற்றும் வேலைக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் 'சீக்கிரம்' சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 2

0.

ஏப்ரல் 3, வியாழன்

0. இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லிவிட்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டாள்.

"சொன்னா வேலை போகும். சொல்லாட்டி கை போகும். இதுல உக்காந்து யோசிக்க என்னங்க இருக்கு?"

"தங்கச்சி?"

"அவ கொஞ்ச நாள் திட்டுவா." மேலே பார்த்தாள். மாடியில் நாற்காலியை இழுக்கும் சத்தம். "இல்ல, ரொம்ப நாள் திட்டுவா."

ஏப்ரல் 4, வெள்ளி

முதலில் மேகத்திடம் கேட்டேன். இந்தப் பூஜ்யம் பொய் என்று அவளால் மேலே சொல்ல முடியுமா? உதட்டைக் கடித்தாள். "சிவப்பு வந்தா ஏன்னு கேப்பாங்க சார். பச்சை வந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அப்புறம் பாதுகாப்பு அதிகாரியிடம் போனேன். இரண்டு பேரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். காந்தம் இருந்தது. அதிகாரி சாட்சி வேண்டும் என்றார். கழற்றிய காந்தத்தின் முதுகில் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் 'மெஷின் 4' என்று எழுதி, தேதி போட்டு, என் கையெழுத்தும் போட்டேன். அதை ஒரு கவரில் போட்டு அலமாரியில் பூட்டினார்.

மாப்பிள்ளை கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "வீட்டுல நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்லிடாதீங்க."

ஏப்ரல் 7

அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். பாதுகாப்பு விதியை மீறியதற்காக வேலைநீக்கம். வேலை போகும் என்று மனைவி சொல்லியும், எச்சரிக்கை கொடுப்பார்கள், மிஞ்சினால் ஒரு வாரம் வீட்டில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்தேனே, எத்தனை பெரிய முட்டாள். தகட்டைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. சீக்கிரத்தின் கையெழுத்து அடியில்.

தங்கச்சி படியிறங்கி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் புருஷன் கையைக் காப்பாத்திட்டியாமே. ரொம்ப சந்தோஷம். அந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் என்னண்ணா பண்றது? சொல்லிட்டுப் போ, என்ன பண்றது?"

நான் எங்கே போக? என் வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 16

மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தங்கச்சி திரும்பி மேலே ஏறிவிடுகிறாள். மோட்டாரை இப்போதெல்லாம் சரியான நேரத்துக்கு அணைக்கிறாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அவருடைய சித்தப்பா ஊரில் ஏதோ கடையில் வேலையாம். மாப்பிள்ளை பீரோவை ஒரு பக்கம் பிடித்து இறக்கினார். நான் மறுபக்கம் பிடிக்கப் போனேன். "விடுங்க, ஆள் இருக்கு" என்றார். மச்சான் என்று சொல்லவில்லை.

பீரோவின் அடியில் அவர் கைகள் தெரிந்தன. பத்து விரலும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். அதை வைத்துத்தான் இன்று தூங்க வேண்டும்.

மே 6, செவ்வாய்

நாலாம் மெஷினுக்கு லேபிள் பிரிவிலிருந்து ஓர் அம்மாவை மாற்றியிருக்கிறார்கள். அதிகம் பேசாதவர். சிக்கும்போதெல்லாம் ஒழுங்காகக் கதவைத் திறந்து எடுக்கிறார். 44. சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்து நிம்மதிப்படுகிற ஒரே ஆள் நான்தான்.

தகட்டுக்கு ஐந்தாம் முறையாக எழுதிக் கொடுத்தேன்.

மே 16, வெள்ளி

கூட்டத்தில் அந்த அம்மாவை நிற்க வைத்தார்கள். இந்த முறை நான் எழுந்தேன். தகடு தேய்ந்திருக்கிறது, ஆபரேட்டர் மேல் தப்பில்லை என்று எல்லார் முன்னும் சொன்னேன். "நீங்க உக்காருங்க, உங்களைக் கேக்கல. சீக்கிரம், அடுத்து" என்றார் சீக்கிரம்.

சரியான காலத்தில் சொல்லாததை இப்போது சொல்லி என்ன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மே 20

மேகத்துக்கு வேலை முடிந்துவிட்டது. அடுத்த ஃபாக்டரிக்குப் போகிறாள். அங்கேயும் கதவு சிக்னலைத்தான் எடுக்கப் போகிறாளாம், நல்ல ஐடியா என்று மேலே பாராட்டினார்களாம். வேண்டாம் என்றேன். "ஆர்டர் வந்துடுச்சு சார்" என்றாள். அவள் முகத்திலும் ஈ ஆடவில்லை.

ஜூன் 2, திங்கள்

காலையில் திரை: நாலாம் மெஷின், 0.

ஓடினேன். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் கை உள்ளே போய் வெளியே வந்தது, போய் வந்தது. மாப்பிள்ளை அளவுக்கு வேகம் இல்லை.

சென்சார் மேல் வட்டக் காந்தம். அதன் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் 'மெஷின் 4'. ஏப்ரல் 4. என் கையெழுத்து.

"யாரும்மா குடுத்தா இதை?"

"சேஃப்டி ரூம் அலமாரியில இருந்து எடுத்து மேனேஜர் சார்தான் குடுத்தாரு." என் முகத்தைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "ஏண்ணே? நீங்க செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டதுதானே? அதைப் பாத்த பிறகுதானே நான் பயமில்லாம கையை விடுறேன்."

கையை வெளியே எடுக்கச் சொன்னேன். எடுத்தபின் காந்தத்தைப் பிய்த்தேன். மெஷின் நின்றது. சுவர்த்திரையில் நாலு என்ற எண்ணுக்கு நேரே, பூஜ்யம் போய் ஒன்று வந்தது. மேலே கண்ணாடி அறையில் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து, திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் கதவை மூடவில்லை.