அந்தோணியார் கோயில் டீசல்

ஜெராம்,
3 மார்ச் 2025

அன்புத் தம்பி ஆன்ட்ரூவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கு எல்லாரும் சுகம். நீ போனை எடுப்பதில்லை, நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

நம் தோட்டத்து அந்தோணியார் கோயிலைப் பராமரிக்கும் அறக்கட்டளைக்கு நீதான் ஆய்வு எழுதுகிறாயாமே? உலகம் கரிப்புகையைக் குறைக்கும்போது அவர்களுக்கு எங்கே அடி விழும் என்று பார்க்கிறாயாம். என் மகள் செலீனா சொன்னாள். பார்த்து எழுதுடா. கூரைக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் பணம் கொடுப்பது செம்பனை எண்ணெய்க் கம்பெனிதான். ஆகஸ்டில் அம்மாவின் முதலாண்டு நினைவுப் பூசை அங்கேதான்.

அக்கா மவுரீன்

கோலாலம்பூர்,
14 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

செம்பனை எண்ணெய்க்கு வெளிநாட்டில் கெடுபிடி கூடுகிறது. கம்பெனி ஒருநாள் கையை விரித்தால் கோயில் என்ன ஆகும்? அறக்கட்டளை இப்போதே வேறு ஆள் தேடட்டும் என்றுதான் எழுதுகிறேன். கோயிலுக்கு நல்லதுதான், பயப்படாதீர்கள்.

பூசை யாருக்காக, யார் கேட்டு என்று ஃபாதர் வாசிக்கும் பூசைக் கருத்தில் என் பெயரை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு நான் ஒரே மகன் அல்லவா!

ஆன்ட்ரூ

ஜெராம்,
9 ஜூன்

அன்புத் தம்பிக்கு,

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டாய். உன் ஆய்வை அறக்கட்டளை கம்பெனிக்கே அனுப்பியிருக்கிறது. மேனேஜர் வந்தார். "ஒருநாள் நிறுத்தத்தான் போறோம்னு உங்க தம்பியே எழுதிட்டாருலா. இப்பவே நிறுத்திடுறோம்" என்றார்.

கரிப்புகையைக் குறைக்க அவர்கள் கண்ணில் முதலில் பட்டது கோயில் டீசல். எண்ணெய் ஆலை அப்படியே புகைகிறது. செலவுக்கு வழியில்லை என்று அறக்கட்டளையும் கோயிலைப் பூட்டிவிட்டது. பூசை வரைக்குமாவது திறந்து வைக்கச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

மவுரீன்

கோலாலம்பூர்,
20 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதியதில் ஒரு வரியும் பொய்யில்லை. முடிவெடுப்பது அவர்கள். நான் வாயைத் திறந்தால் சொந்தக் கோயிலுக்குப் பேசுகிறான் என்பார்கள். அடுத்த ஆய்வையும் எனக்கே தருவதாக இருக்கிறார்கள். பூசையை டவுன் கோயிலில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று மீட்டிங். என் பெயரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஆன்ட்ரூ

ஜெராம்,
18 ஆகஸ்ட்

ஆன்ட்ரூவுக்கு,

அம்மா கும்பிட்ட இடத்தை விட்டு வேறெங்கும் போக மனம் வரவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே மேசை போட்டுப் பூசை நடந்தது. மேகம் இருட்டிக்கொண்டு வந்ததால், ஃபாதருடைய கார் விளக்கில்தான் செலீனா வாசகம் படித்தாள்.

பூசைக் கருத்துக்குப் பெயர் கேட்டபோது என் பெயரைக் கொடுத்தேன். "மகன் பேரு இருக்காம்மா?" என்றார் ஃபாதர்.

"அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை, ஃபாதர்" என்றேன்.

கோயிலுக்குள் நின்றிருந்தால் அந்தப் பொய் என் வாயில் வந்திருக்காது.

மவுரீன்