பாலத்தடியில் நாற்பது பேர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நலமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாய், போன வாரம் போனில் சொன்னாயே, இருந்தாலும் கேட்கிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அம்மாவின் மனசைப் பற்றி அவளைத்தான் கேட்க வேண்டும், ஆனால் அவள் என்னோடு பேசி நான்கு நாளாகிறது. விடுதி அறையில் மூச்சு முட்டுகிறது, இந்த இயந்திரப் படிப்பு எனக்கு ஏறவில்லை, விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ அழுதபோது, 'ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு முடி' என்று சொல்லிப் போனை வைத்தேன் அல்லவா, அன்றிலிருந்து. மறுநாளே இந்தப் படகுவீட்டுப் பயணம், முன்பே பதிவு செய்தது. பேசாத மனைவியோடு ஒரே ஒரு அறை உள்ள படகில் போவது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னிடம் அனுப்பு.

குறை சொல்லக் கூடாது, முதலில் நன்றாகத்தான் போனது. காயலிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து வாய்க்கால், வாசற்படியிலேயே தண்ணீர் நிற்கிற ஊர்கள். படித்துறையில் துவைக்கிறவர்கள் தலையை நிமிர்த்தாமலே துணிக்கூடையை மட்டும் ஒரு படி மேலே தூக்கிவைத்து எங்கள் அலைக்கு வழி விடுகிறார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே இன்ஜெக்டர் சரியில்லை என்று படகோட்டியிடம் சொன்னேன். 'சார், லீவுல வந்திருக்கீங்க' என்றார். இரண்டாம் நாள் ஒரு தாழ்ந்த நடைபாலம் வந்தது. அந்தப் பக்கம் போக வேண்டாம், திரும்பும்போது தண்ணீர் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் அவர். நான் டேப்பை எடுத்து அளந்தேன். கூரைக்கும் பாலத்துக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டர், தாராளம், விடுங்கள் என்றேன். போனோம். அங்கே ஏரி முழுக்க ஆகாயத்தாமரை, வேறு வழியே கிடையாது. மறுநாள் திரும்பினால் கூரை இடிக்கிறது! இத்தனை வருஷம் அளவுகோலோடு வாழ்ந்தவனுக்கு இது தோன்றவில்லை பார்: தொட்டித் தண்ணீரை இரண்டு நாளில் குளித்தே தீர்த்திருந்தோம், டீசலும் குறைந்திருந்தது, படகு லேசாகி மேலே எழும்பிவிட்டது. போதாததற்கு, உப்புத்தண்ணீர் ஏறக் கூடாதென்று கீழே மதகை அடைத்துவிட்டதால் வாய்க்கால் மட்டமும் ஏறியிருந்தது. வாய்க்கால் தண்ணீரை இறைத்துத் தொட்டியை நிரப்பியும் பார்த்தேன். ஒரு விரற்கடை இடித்தது.

'கனம்தானே வேணும், ஊர்ல ஆளுக்கா பஞ்சம்?' என்று படகோட்டி கரையைப் பார்த்துக் கைதட்டினார். இன்று காலை நாற்பது பேர் ஏறினார்கள். அரிசி ஆலைக்காரர் நல்ல பருமன். அவர் காலை வைத்ததும், 'மாமா, நீங்க ஒருத்தரே போதும், நாங்க வீட்டுக்குப் போறோம்' என்று ஒரு பெண் சொல்ல, படகே குலுங்கியது. கணக்குப்படி படகு அமிழ்ந்தது, பாலத்துக்கு அடியில் நுழைந்தது. எல்லோரும் நடுவில் நில்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கூரை நுழைகிற அழகைப் பார்க்க அத்தனை பேரும் முன்பக்கம் ஓடினார்கள். முன்பக்கம் தாழ்ந்தது, பின்பக்கம் தூக்கியது, கூரைச் சட்டம் பாலத்தின் விளிம்பில் ஆணி அடித்த மாதிரி மாட்டிக்கொண்டது. எல்லோரையும் மறுபடி நடுவுக்கு விரட்டியும் அது விடவில்லை. இப்போது முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆளை இறக்கினால் படகு இன்னும் எழும்பிக் கூரை நொறுங்கும். மதகுக்காரரைக் கூட்டி வரத் தோணி போயிருக்கிறது, சாயங்காலமாகும். நான் உட்கார்ந்து எழுதுகிற அறையில் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பாசி பிடித்த கான்கிரீட், பகலிலேயே விளக்கு.

மதியம், கரையோரம் தையல் கடை வைத்திருக்கும் பெண், 'குழந்தை எழுந்திருச்சா தேடும் சார், நான் இறங்கிக்கிறேன்' என்றாள். ஒருத்தர் இறங்கினால் எல்லோரும் இறங்குவீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வழியை மறித்தேன். 'நல்லா இருக்கு தம்பி உங்க நியாயம், உதவிக்கு வந்தவங்களையே சிறை வச்சுட்டீங்க' என்றார் ஆலைக்காரர். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள், நாற்பது பேர் முன்னால். 'ஏத்திவிட மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். இறங்கணும்னு ஒருத்தி சொன்னா கணக்குச் சொல்லுவீங்க. அங்க ஒருத்தி, இங்க ஒருத்தி' என்று சொல்லிவிட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு போய், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் பலகை வழியே கரையில் இறக்கிவிட்டாள். மேலே படார் என்றது. கூரையில் இரண்டு சட்டம் முறிந்தது. அவ்வளவுதான். மற்றவர்கள் யாரும் இறங்கவில்லை, 'நாங்க இருக்கோம், போனவ போகட்டும்' என்று சீட்டாடுகிறார்கள்.

என் கருத்து மாறவில்லை, பாதியில் விட்டால் படித்த இரண்டு வருடமும் வீண் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண் கரையில் இறங்கியதும் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிய ஓட்டத்தை நான் பார்த்தேன். நீ கிளம்பி வா. கல்லூரியில் அப்பா சம்மதம் வேண்டும் என்றால் இந்தக் கடிதத்தையே காட்டு. வந்து என்ன செய்யப் போகிறாய் என்று முதல் வாரம் கேட்க மாட்டேன். இரண்டாம் வாரம் கேட்பேன், என்னைத் தெரியுமே உனக்கு. சான்றிதழ்களைத் திரும்ப வாங்க மறந்துவிடாதே, மற்ற சாமான் போனால் போகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் காற்றோட்டமாக இரு, நன்றாக இரு. அம்மா இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்தாள், எதையும் திருத்தவில்லை. எந்த நாள் வருகிறாய் என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
இன்னும் பாலத்தடியிலேயே இருக்கும்
உன் அப்பா